பட்டா கொடுத்த சட்டமும் வாயைக் கட்டின சட்டமும் ஒண்ணுதான்



நெல் அறுப்பு முடிஞ்சுது. மிளகாய்க்குக் களை எடுத்துக்கிட்டு இருக்கோம். மழை நல்லா பெஞ்சும் எங்க கண்மாயில தண்ணி பாதிதான் நிக்குது. ஏன்னு போன மாசமே எழுதியிருந்தேன். மடை உடைஞ்சு, தண்ணி நாலு நாள் ராத்திரி பகலா ஓடைக்குப் போயிருச்சு. அதை எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் செல்போன்ல படம் பிடிச்சு, "போன வருஷம்தானே இந்த மடைக்கு மராமத்துன்னு பணம் ஒதுக்கினாங்க?"ன்னு கேட்டுப் போட்டுவிட்டான். ரெண்டு நாள்ல ஒரு அலுவலகத்துல இருந்து கூப்பிட்டாங்க. அடிக்கல, மிரட்டல. உக்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, இதனால ஊருக்குள்ள பிரச்சினை வந்தா நீதான் பொறுப்பு, பொது அமைதி கெடும்"னு சொன்னாங்க. பையன் வீட்டுக்கு வந்து படத்தை அழிச்சிட்டான்.

மடை உடைஞ்சப்போ கெடாத பொது அமைதி, மடை உடைஞ்சதைச் சொன்னா கெட்டுப்போகுமாம். அந்த "பொது அமைதி"ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் போனேன். தேடினது கடைசியில எங்க தாத்தாவோட தகரப் பெட்டியில இருக்கிற பட்டாவுல வந்து நின்னுச்சு. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீயைக் கையில வச்சுக்கிட்டுப் படிங்க.

கதை 1950-ல ஆரம்பிக்குது. ஜனவரி 26 அன்னிக்கு அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. பேச்சுரிமை, எழுத்துரிமை எல்லாம் 19-வது பிரிவுல எழுதி வச்சாச்சு. சரியா பதினாறு நாள் கழிச்சு, பிப்ரவரி 11-ஆம் தேதி, சேலம் மத்திய சிறைக்குள்ள துப்பாக்கிச் சூடு. அடைபட்டுக் கிடந்த கம்யூனிஸ்ட் கைதிகள்ல 22 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலானவங்க அன்னிக்கு மெட்ராஸ் மாகாணத்தோட சேர்ந்திருந்த மலபார்க்காரங்க, விவசாயச் சங்கத்துல போராடிச் சிறைக்குப் போனவங்க. கம்யூனிஸ்ட் கட்சியையே மெட்ராஸ் அரசு அப்போ சட்டவிரோதம்னு அறிவிச்சிருந்துச்சு. முதலமைச்சரா இருந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா.

அந்த நேரத்துல பம்பாயில இருந்து 'கிராஸ்ரோட்ஸ்'னு ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகை வந்துக்கிட்டு இருந்துச்சு. நடத்தினவர் ரொமேஷ் தாப்பர். இடதுசாரி ஆள். காங்கிரஸ் அரசாங்கத்தைக் கடுமையா விமர்சிச்சு எழுதுவார். சேலம் துப்பாக்கிச் சூடு நடந்து பதினெட்டு நாள்ல, மார்ச் 1-ஆம் தேதி, மெட்ராஸ் அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு. கிராஸ்ரோட்ஸ் பத்திரிகை மாகாணத்துக்குள்ள வரக்கூடாது, விக்கக்கூடாது, கைமாத்தக்கூடாது. 1949-ல போட்ட மெட்ராஸ் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இதுக்குப் பயன்படுத்தினாங்க.

இந்த உத்தரவைப் படிச்சப்போ எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்துச்சு. 1908-ல பாரதியாரோட 'இந்தியா' பத்திரிகை மேல வெள்ளைக்காரன் ராஜத்துரோக வழக்குப் போட்டான். பத்திரிகையில ஆசிரியர்னு பேர் பதிஞ்சிருந்த சீனிவாசனைப் பிடிச்சு உள்ள வச்சாங்க. பாரதியார் பாண்டிச்சேரிக்குப் போனார், பத்திரிகையும் அங்கே போச்சு. அது பிரெஞ்சுக்காரன் ஊர், அங்க அச்சடிக்கிறதைத் தடுக்க முடியாது. அதனால என்ன செஞ்சாங்க? பிரிட்டிஷ் எல்லைக்குள்ள பத்திரிகை வராம அடைச்சாங்க. 1910-ல 'இந்தியா' நின்னு போச்சு. அச்சடிக்கிற இடத்துல கை வைக்க முடியலைன்னா வர்ற வழியை அடை. நாப்பது வருஷம் கழிச்சு, சுதந்திரம் வாங்கின பிற்பாடு, அதே மெட்ராஸ் கோட்டையில இருந்து நம்மாளுங்க போட்ட உத்தரவும் அதே மாதிரிதான் இருந்துச்சு. கொடி மாறிடுச்சு, கோப்பு மாறல.

தாப்பர் நேரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றமே அப்போதான் பிறந்த குழந்தை. மே 26-ஆம் தேதி தீர்ப்பு வந்துச்சு. எழுதினவர் பதஞ்சலி சாஸ்திரி, நம்ம மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துல இருந்து போன நீதிபதி. அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன். பேச்சுரிமைன்னா பேசுறது மட்டும் இல்ல, பேசினது நாலு பேர்கிட்ட போய்ச் சேருறதும் அதுல அடக்கம். பத்திரிகையை அச்சடிச்சுக்கோ, ஆனா ஊருக்குள்ள கொண்டு வராதேன்னு சொல்றது உரிமையைக் கொடுத்த மாதிரி கொடுத்துப் பிடுங்கிக்கிறது. அன்னிக்கு அரசியலமைப்புச் சட்டத்துல பேச்சுரிமைக்கு வரம்பு போடுற காரணங்கள் கொஞ்சம்தான் இருந்துச்சு: அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக் கேடு, அப்புறம் அரசின் பாதுகாப்பைக் குலைக்கிற அல்லது அரசையே கவிழ்க்கப் பார்க்கிற விஷயம். "பொது ஒழுங்கு"ங்கிற வார்த்தை அந்தப் பட்டியல்ல இல்லவே இல்லை. தெருச் சண்டையும் பொது ஒழுங்குதான், ராஜ்யத்தைக் கவிழ்க்கிறதும் பொது ஒழுங்குதான், ரெண்டையும் ஒரே கூடையில போட்டு அடைக்க அரசுக்கு அதிகாரம் இல்லைன்னு தடையை ரத்து பண்ணினாங்க. ஆறு நீதிபதிகள்ல ஃபசல் அலி ஒருத்தர்தான் மாத்திச் சொன்னார்.

அதே நாள்ல இன்னொரு தீர்ப்பும் வந்துச்சு. டெல்லியில 'ஆர்கனைசர்'னு ஆர்.எஸ்.எஸ். சார்புப் பத்திரிகை. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அதிகாரிகிட்ட காட்டணும்னு உத்தரவு போட்டிருந்தாங்க. அதையும் அடிச்சுட்டாங்க. ஒண்ணு இடது, ஒண்ணு வலது. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே நியாயம். எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரன் கிடையாது. ஆனா பேச்சுரிமைன்னா இப்படித்தான் இருக்கணும்: யார் பேசுறான்னு பார்த்துத் தராசு சாயக்கூடாது.

நீதிமன்றத்தை ரொம்பவும் தூக்கி வைக்கவும் வேண்டாம். அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான், மே 19 அன்னிக்கு, மலபார் விவசாயிகள் தலைவர் ஏ.கே. கோபாலன் விசாரணை இல்லாம அடைச்சு வச்சதை எதிர்த்துப் போட்ட மனுவை இதே நீதிமன்றம் தள்ளிச்சு. தள்ளினவங்கள்ல பதஞ்சலி சாஸ்திரியும் ஒருத்தர். மாத்திச் சொன்னவங்கள்ல ஃபசல் அலி ஒருத்தர்! மனுஷங்க இப்படித்தான். ஒரு வாரத்துக்கு ஒரு வாரம் நியாயம் இடம் மாறி உக்காரும்.

தீர்ப்பு வந்தா அரசாங்கம் என்ன செய்யணும்? சட்டத்தைத் திருத்திக்கணும். நேரு அரசாங்கமும் திருத்துச்சு. ஆனா மெட்ராஸ் சட்டத்தை இல்லை, அரசியலமைப்புச் சட்டத்தையே.

இதுதான் முதல் திருத்தம், 1951. நம்ம தமிழ்நாட்டுல இந்த முதல் திருத்தத்தை எல்லாருக்கும் தெரியும். செண்பகம் துரைராஜன் வழக்குல வகுப்புவாரி அரசாணை செல்லாதுன்னு தீர்ப்பு வந்து, பெரியார் போராடி, நாடே திரும்பிப் பார்த்து, பிற்படுத்தப்பட்டவங்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம்னு 15(4) சேர்த்தாங்க. மேடைக்கு மேடை சொல்றோம், சொல்லவும் வேணும். எங்க வீட்டுல முதல் தடவை காலேஜ் வாசல் மிதிச்ச என் தங்கச்சி அந்த வழியாத்தான் போனா.

ரெண்டாவது சங்கதி நிலம். பீகார்ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டாங்க, தர்பங்கா மகாராஜா வழக்குப் போட்டார், 1951 மார்ச்சுல பாட்னா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதுன்னுடுச்சு. இப்படியே போனா நாடு முழுக்க ஜமீன் ஒழிப்பு நின்னு போயிரும்னு, 31ஏ, 31பி-ன்னு ரெண்டு பிரிவும் ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணும் கொண்டு வந்தாங்க. அந்த அட்டவணையில போட்ட சட்டத்தை அடிப்படை உரிமைக்கு விரோதம்னு சொல்லி ரத்து பண்ண முடியாது. முதல்ல பதிமூணு சட்டத்தை அதுல போட்டாங்க. அதுல ஒண்ணு 1948-ஆம் வருஷத்து மெட்ராஸ் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், அதாவது ஜமீனை ரயத்துவாரியா மாத்தின சட்டம்.

எங்க ஊரு ஜமீன் ஊரு. 1803-ல வெள்ளைக்காரன் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளை ஜமீனா எழுதிக் கொடுத்தான். எங்க தாத்தா சொல்லுவார்: அறுத்த நெல்லைக் களத்துல குவிச்சு வச்சுட்டு, ஜமீன் கணக்குப்பிள்ளை வர்ற வரைக்கும் ஒரு மரக்கால் எடுக்க முடியாதாம். மழை கருத்துக்கிட்டு வரும், நெல்லு களத்துல கிடக்கும், அவர் வர மாட்டார். வாரம் அளந்து போன பிற்பாடு மிச்சம்தான் நமக்கு. அந்த ஆள்தான் தன் பேர்ல பட்டா வந்த அன்னிக்கு அதைத் தகரப் பெட்டியில வச்சுப் பூட்டினார். சாகுற வரைக்கும் சாவி அரைஞாண் கயித்துலதான் இருந்துச்சு. அந்தப் பட்டாவை யாரும் வழக்குப் போட்டு அசைக்க முடியாம நின்னதுக்குக் காரணம் இந்த முதல் திருத்தம். அதனால இந்தத் திருத்தத்தை மொத்தமா தப்புன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. நான் அதோட சோத்தைத் தின்னவன்.

ஆனா அதே மூட்டையில மூணாவதா ஒண்ணைக் கட்டிட்டாங்க. பேச்சுரிமைக்கு வரம்பு போடுற பட்டியல்ல புதுசா மூணு காரணம்: வெளிநாடுகளோட நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுறது. அதுவும் ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் எழுதியிருந்ததா வச்சுக்கணும்னு பின்தேதி போட்டு. தாப்பர் ஜெயிச்ச வாசலைப் பின்னாடியே வந்து சாத்திட்டாங்க.

எதிர்ப்பு இல்லாம இல்லை. சியாம பிரசாத் முகர்ஜி, ஆச்சாரியா கிருபளானி மாதிரி ஆளுங்க கடுமையா எதிர்த்தாங்க. அவங்க கேட்ட ஒரு கேள்வி இன்னிக்கும் கேக்க வேண்டிய கேள்வி. அப்போ இருந்தது தற்காலிக நாடாளுமன்றம். வயசு வந்த எல்லாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை இல்லை. முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர்லதான் ஆரம்பிக்குது. மசோதா மே 12-ல வந்து ஜூன் 18-ல சட்டமாயிடுச்சு. ஜனங்க முதல் ஓட்டுப் போடறதுக்கு நாலு மாசம் முன்னாடி, ஜனங்க வாய்க்கு வரம்பு போட என்ன அவசரம்? ஓட்டெடுப்புல 228 பேர் ஆதரவு, 20 பேர் எதிர்ப்பு.

நேரு பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். பிரிவினைக் காயம் ஆறல, அகதிகள் வந்துக்கிட்டே இருந்தாங்க, வங்காளத்துல கலவரம், தெலங்கானாவுல ஆயுதப் போராட்டம். பயம் நிஜம்தான். அந்த இடத்துல நானோ நீங்களோ இருந்தாலும் பயந்திருப்போம். ஆனா பயம் ரெண்டு மூணு வருஷத்துல போயிருச்சு, பயத்துல எழுதின வார்த்தை எழுபது வருஷத்துக்கு மேல நிக்குது. வெள்ளத்துக்குப் பயந்து வெட்டின கரையை வெள்ளம் வடிஞ்சதும் கட்டிடணும். அப்படியே விட்டா அதுதான் தண்ணிக்குப் பாதை ஆயிரும்.

பாதை எங்க போச்சுன்னு பாருங்க. ராஜத்துரோகச் சட்டம், 124ஏ, திலகரையும் காந்தியையும் உள்ள தள்ளின சட்டம். புது அரசியலமைப்பு வந்த பிறகு அது நிக்காதுன்னு பஞ்சாப் உயர் நீதிமன்றம் சொல்லிருச்சு. நேருவே 1951-ல நாடாளுமன்றத்துல அந்தச் சட்டத்தை வெறுத்துப் பேசினார், சீக்கிரம் ஒழியணும்னார். ஒழிச்சாரா? இல்லை. 1962-ல கேதார்நாத் சிங் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தப்போ, அந்தச் சட்டத்தைக் காப்பாத்தக் கைகொடுத்தது எது தெரியுமா? இதே "பொது ஒழுங்கு"ங்கிற புது வார்த்தை. வன்முறையோ ஒழுங்குக் குலைவோ தூண்டினாத்தான் பொருந்தும்னு நீதிமன்றம் சுருக்கித்தான் சொல்லுச்சு. ஆனா காவல் நிலையத்துல வழக்கு எழுதுறவர் தீர்ப்பைப் பக்கத்துல வச்சுக்கிட்டா எழுதுறார்? கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில உக்காந்த ஆயிரக்கணக்கான மீனவ ஜனங்க மேல அதே பிரிவு. 2015-ல மதுக்கடைக்கு எதிரா பாட்டுப் பாடின கோவன் மேலயும் அதே பிரிவு. மீன் பிடிக்கிறவனும் பறை அடிச்சுப் பாடுறவனும் ராஜ்யத்தைக் கவிழ்க்கப் போறாங்களாம்.

நேரு நல்லவர், சட்டத்தைத் தப்பாப் பயன்படுத்த மாட்டார்னு அன்னிக்கு நம்பினவங்க உண்டு. அவரை நம்பினது தப்பில்லை. ஆனா சட்டம் அவரோட போகல. பின்னாடி வந்த எல்லாரும், எந்தக் கட்சியானாலும், அந்தச் சாவியை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டாங்க. எந்தக் கட்சியும் எதிர்க்கட்சியா இருக்கும்போது பேச்சுரிமை பேசும், ஆட்சிக்கு வந்தா பொது ஒழுங்கு பேசும். இது நான் முப்பது வருஷமா பேப்பர் படிச்சுப் பார்த்தது.

ஒன்பதாவது அட்டவணை கதையும் அதேதான். குடியானவனுக்காக பதிமூணு சட்டத்தோட ஆரம்பிச்சது, இன்னிக்கு 284-ல நிக்குது. நல்லதுக்குன்னு திறந்த வாசல்லதான் வேண்டாததும் உள்ள வரும். கடைசியில 2007-ல உச்ச நீதிமன்றம் அந்த அட்டவணையையும் நாங்க பரிசீலிப்போம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

நல்ல சேதி ஒண்ணும் இருக்கு. மசோதா முதல்ல வந்தப்போ அரசாங்கம் போடுற தடை நியாயமானதான்னு யாரும் கேக்க முடியாத மாதிரி இருந்துச்சு. எதிர்ப்பு கிளம்பின பிறகு, "நியாயமான" கட்டுப்பாடுகள்னு ஒரு வார்த்தையைச் சேர்த்தாங்க. அந்த ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னிக்கு வரைக்கும் நீதிமன்றத்துல நிக்க முடியுது. 2015 மார்ச் 24-ல, இணையத்துல எழுதினாலே பிடிச்சு உள்ள போட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணினப்போ, அறுபத்தஞ்சு வருஷப் பழைய ரொமேஷ் தாப்பர் தீர்ப்பையும் எடுத்துப் பேசினாங்க. எதிர்ப்புல உக்காந்தவங்க தோத்தாங்க, ஆனா ஒரு வார்த்தையை வாங்கிட்டுத் தோத்தாங்க. அதனால தோத்தாலும் பேசி வைக்கணும்.

விவசாயிக்கு இதுல என்னய்யா இருக்கு, விலையும் தண்ணியும் பேசுன்னு சிலபேர் கேப்பீங்க. 1943-ல வங்காளத்துல லட்சக்கணக்கான ஜனங்க பட்டினியில செத்தாங்க. வெள்ளைக்கார சர்க்கார் பஞ்சம்னே ஒத்துக்கல. கல்கத்தாவுல 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை அந்த ஆகஸ்டுல தெருவுல கிடந்த ஜனங்களோட போட்டோவைப் போட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிஞ்சுது. அந்தப் பஞ்சத்தைச் சின்னப் பையனாப் பார்த்த அமர்த்தியா சென் பின்னாடி சொன்னது இதுதான்: ஓட்டும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கிற நாட்டுல பெரிய பஞ்சம் வராது, ஏன்னா சேதி வெளியே வந்துரும், ஆளுறவன் பயந்து வேலை செய்வான். மடை உடைஞ்ச படமும் அந்த மாதிரிச் சேதிதான். அளவுதான் சின்னது. அதை அழிக்கச் சொன்னா மடை தானா கட்டிக்குமா? பொய் சொன்னா வழக்குப் போடு, கலவரத்துக்குக் கூப்பிட்டா கைது பண்ணு. மடை உடைஞ்சிருக்குன்னு சொன்னவன்கிட்ட மண்வெட்டியோட வா.

தாப்பர் கதையோட முடிவையும் சொல்லிடறேன். அவரும் மனைவி ராஜ் தாப்பரும் 1959-ல 'செமினார்'னு மாதப் பத்திரிகை ஆரம்பிச்சாங்க. நெருக்கடி நிலை வந்துச்சு. 1976-ல, அச்சுக்கு முன்னாடி அதிகாரிகிட்ட காட்டணும்னு உத்தரவு வந்தப்போ, காட்டுறதுக்கு நிறுத்திரலாம்னு பத்திரிகையையே நிறுத்திட்டாங்க. பின்னாடிதான் திரும்ப வந்துச்சு. இருபத்தாறு வருஷ இடைவெளியில ஒரே ஆள் மேல ரெண்டு தடை. முதல் தடவை நீதிமன்றம் இருந்துச்சு, ரெண்டாவது தடவை அதுவும் கைகொடுக்கல, அவர் பிடிவாதம் மட்டும்தான் இருந்துச்சு.

எங்க ஊர்ப் பையன்கிட்ட நேத்து சாயங்காலம் கண்மாய்க் கரையில உக்காந்து இதையெல்லாம் சொன்னேன். அவன் பாதிக் கதையில, "மாமா, அப்போ நான் படத்தை அழிச்சது தப்பா?"ன்னு கேட்டான். தப்பில்லடா, வீட்டுல அம்மா அழுதா யாரும் அழிக்கத்தான் செய்வாங்கன்னேன். ஆனா வர்ற 26-ஆம் தேதி கிராம சபை இருக்கு. அங்க எந்திரிச்சு மடை எப்போ உடைஞ்சுது, எத்தனை நாள் தண்ணி போச்சு, மராமத்துப் பணம் எவ்வளவுன்னு கேளு. கேட்டதோட விட்டுடாதே, தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லு. எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு. பக்கத்துல நானும் நிக்கிறேன்.

குடியரசு நாளுக்குக் கொடி ஏத்தி மிட்டாய் வாங்குறதோட நம்ம வேலை முடியல. என்ன நடந்துச்சுன்னு கிராம சபை முடிஞ்சதும் எழுதுறேன். உங்க ஊர்ல மடை, வாய்க்கால், ரேஷன் எதுவானாலும் நீங்களும் அன்னிக்குப் போய் ஒரு கேள்வியாவது கேட்டுட்டு வாங்க.

சரி, பொழுது சாயுது. மாட்டைப் பிடிச்சுக் கட்டணும். வர்றேன்.